கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம்

செஞ்சி என்றதும் எல்லோருக்கும் கோட்டைதான் நினைவுக்கு வருகிறது. 2025 ஜூலையில் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த பிறகு கேட்கவே வேண்டாம். சேரியில் பிறந்து வளர்ந்த எங்களுக்கு இந்த வட்டாரம் என்றால் கரும்பும் செம்மேட்டுச் சர்க்கரை ஆலையும்தான். வெட்டுவது, கட்டுவது, வண்டியில் ஏற்றுவது வரை நம் கைகள். ஆலைக்குள் போன பிறகு அந்தக் கரும்பு என்ன ஆகிறது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. மாணவத் தோழர்களுக்காக இன்று அதைத்தான் எழுதுகிறோம்.

எந்தச் சர்க்கரை ஆலையிலும் 100 டன் கரும்பைப் பிழிந்தால் ஏறக்குறைய 30 டன் சக்கை மிஞ்சும். அதைக் கொதிகலனில் எரித்து நீராவி எடுக்கிறார்கள். நீராவி டர்பைனைச் சுழற்றுகிறது, டர்பைன் ஜெனரேட்டரைச் சுழற்றுகிறது. வேலை முடித்து வெளியே வரும் நீராவி சாறு காய்ச்சப் போகிறது. தன் தேவைக்குப் போக மிஞ்சும் மின்சாரத்தை வெளியே விற்கும் ஆலைகளும் உண்டு.

இதில் உயிர் போகிற விஷயம் வேகம். மின்கம்பியில் கோளாறு வந்து பிரேக்கர் விழுந்தால் ஜெனரேட்டரின் சுமை அந்தக் கணமே போய்விடும். நீராவி மட்டும் வந்துகொண்டே இருக்கும். தடுக்க ஆள் இல்லையென்றால் சில நொடிகளில் டர்பைன் வெறிபிடித்து ஓடும். இறக்கைகள் பிய்த்துக்கொண்டு உறையைக் கிழித்து வெளியே பாயும்.

இதைத் தடுப்பதுதான் கவர்னர். 1788-இல் ஜேம்ஸ் வாட் தன் நீராவி எந்திரத்துக்கு இரண்டு இரும்புக் குண்டுகளைச் சுழலவிட்டார். வேகம் கூடினால் குண்டுகள் விரியும், வால்வு மூடும். வேகம் குறைந்தால் குண்டுகள் தாழும், வால்வு திறக்கும். அந்த வேலையை இன்று ஒரு சின்னப் பெட்டி செய்கிறது. நீர்ச்சக்கரங்களுக்குக் கவர்னர் செய்ய 1870-இல் அமெரிக்காவில் தொடங்கிய வுட்வர்ட் நிறுவனத்தின் 505 என்ற டிஜிட்டல் கருவி இந்தத் தொழிலில் பலருக்கும் பழக்கமான பெயர்.

அது வேலை செய்யும் விதம் புரியாத மந்திரம் ஒன்றும் இல்லை. டர்பைன் தண்டில் ஒரு பல்சக்கரம். அதன் அருகே ஒரு காந்த உணரி. ஒவ்வொரு பல் கடக்கும்போதும் ஒரு துடிப்பு. சக்கரத்தில் 60 பல் இருந்தால், நொடிக்கு எத்தனை துடிப்போ அதுவே நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்ற கணக்கு. பெட்டி அதை எண்ணி, இருக்க வேண்டிய வேகத்தோடு ஒப்பிட்டு, எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் ஆக்சுவேட்டர் வழியாக நீராவி வால்வைத் திறக்கிறது, மூடுகிறது. வேகம் பத்து விழுக்காடு அளவுக்கு மிஞ்சினால் நீராவியை மொத்தமாக நிறுத்திவிடும். அதைத்தான் டிரிப் என்கிறார்கள். பத்தாம் வகுப்புக் கணிதமும் அறிவியலும் தெரிந்தவருக்குப் புரியாதது இதில் எதுவும் இல்லை.

ஆனால் அந்தப் பெட்டியின் முன்னால் யார் உட்கார்ந்திருக்கிறார்கள்? நாங்கள் போய்ப் பார்த்த ஆலைகளில் சக்கை கன்வேயரிலும் சாம்பல் அள்ளுகிற இடத்திலும் ஒப்பந்தக் கூலிகளாக நம் ஆட்கள். தூசி படக்கூடாது என்று செருப்பைக் கழற்றிவிட்டுப் போகிற ஏசி அறையில், கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம், நம் தெரு முகம் ஒன்றைக்கூட நாங்கள் பார்க்கவில்லை.

அந்தக் கதவால் என்ன நட்டம் என்று கேட்கிற தம்பி தங்கைகளுக்கு ஒரு சம்பவம். வெளிமாவட்டத்து ஆலை ஒன்றில், அரவைப் பருவத்தின் நடு இரவில் டர்பைன் நின்றுவிட்டது. "சக்கையை ஒழுங்காத் தள்ளல, அதான் ஸ்டீம் இறங்கிப்போச்சு" என்று மேஸ்திரி கன்வேயர் ஆட்கள் மீது பழியைப் போட்டார். ஆறு பேருக்கு அன்றைய கூலி பிடிக்கப்பட்டது. அந்த ஆறு பேரில் ஒருவர் எங்கள் தோழர். ஐடிஐயில் இன்ஸ்ட்ருமெண்ட் மெக்கானிக் படித்துவிட்டுச் சக்கை தள்ளிக்கொண்டிருந்தவர். டிரிப் ஆனால் முதலில் வந்த காரணம் எது என்று கருவி தன் நினைவில் வைத்திருக்கும் என்பது அவருக்குத் தெரியும். உள்ளே விட மறுத்தார்கள். அந்தப் பதிவைக் காட்டுங்கள் என்று எழுத்தில் கேட்டார், மறுபடியும் கேட்டார். கடைசியில் பார்த்தபோது முதல் காரணமாக இருந்தது மசகு எண்ணெயின் அழுத்தக் குறைவு. சக்கைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. பிடித்த கூலி திரும்பி வந்தது. மன்னிப்பு வரவில்லை.

கருவி சாதி பார்த்துப் பழி போடவில்லை. ஆனால் அது சொல்வதைப் படிக்கத் தெரிந்தவர் நம் பக்கம் ஒருவர் இருந்ததால்தான் உண்மை வெளியே வந்தது. மற்ற ஐந்து பேரும் தனியாக இருந்திருந்தால் கூலியை இழந்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

அண்ணல் அம்பேத்கர் 1942 முதல் 1946 வரை வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினர். மின்சாரமும் நீர்ப்பாசனமும் அவர் பொறுப்பில்தான் இருந்தன. மத்திய தொழில்நுட்ப மின்வாரியம் 1944-இல் அவர் காலத்தில் உருவானது. எந்திரம் வேண்டாம் என்று அவர் ஒருபோதும் சொன்னதில்லை. எந்திரத்தின் பலன் யாருக்குப் போகிறது என்றுதான் கேட்டார்.

தனியார் ஆலையில் வேலைக்கு இடஒதுக்கீடு கிடையாது, உண்மைதான். ஆனால் பயிற்சிக்கு உண்டு. 1961-ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டத்தின் 3ஏ பிரிவு, குறிப்பிட்ட தொழிற்பிரிவுகளின் பயிற்சி இடங்களில் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் ஒதுக்கீடு தர வேண்டும் என்கிறது. அது தனியார் நிறுவனங்களுக்கும் பொருந்தும். 2019-இல் திருத்தப்பட்ட விதிகளின்படி, ஒப்பந்தத் தொழிலாளரையும் சேர்த்து 30 பேர் அல்லது அதற்கு மேல் உள்ள நிறுவனம் மொத்தப் பணியாளரில் 2.5 முதல் 15 விழுக்காடு வரை பழகுநர்களை எடுத்தாக வேண்டும். கவனியுங்கள்: சாம்பல் அள்ளும் நம் ஆட்களின் தலையும் அந்தக் கணக்கில் சேர்கிறது. 2011 கணக்கெடுப்பின்படி அன்றைய விழுப்புரம் மாவட்ட மக்களில் ஏறக்குறைய 29 விழுக்காட்டினர் பட்டியல் சாதியினர். தலை எண்ணும்போது வருகிற நாம், பயிற்சி இடத்தில் எங்கே?

ஆகவே இரண்டு வேலைகள். பத்தாவது முடித்த தம்பி தங்கைகள் ஐடிஐயில் இன்ஸ்ட்ருமெண்ட் மெக்கானிக் பிரிவைப் பற்றி விசாரியுங்கள். இரண்டு ஆண்டுப் படிப்பு. பிட்டர், வெல்டர் தவிர வேறு பெயரே நம் தெருவில் யாரும் சொல்வதில்லை. கல்லூரித் தோழர்கள், தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் மாவட்டத் திறன் பயிற்சி அலுவலகத்துக்கு எழுதுங்கள். நம் வட்டார ஆலைகள் எத்தனை பழகுநர்களை எடுத்தன, எந்தெந்தப் பிரிவில், அவர்களில் பட்டியல் சாதியினர் எத்தனை பேர் என்று ஆண்டுவாரியாகக் கேளுங்கள். பதில் வந்ததும் எங்களுக்கும் அனுப்புங்கள். அடுத்த அரவைப் பருவத்துக்கு முன்பே அதைக் கையில் வைத்துக்கொண்டு பேசப் போவோம்.

ஜெய்பீம்.