குதிக்கால் எழும்பும் சப்பாத்து

ஐம்பத்திரண்டு வயதில் பனிச்சறுக்குப் பழகப் புறப்பட்ட கதையைச் சொன்னால், கொழும்பில் என்னோடு ஆசிரியபீடத்தில் இருந்த நண்பர்கள் இன்றும் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். 2019 மார்ச்சில் ஒஸ்லோவில் அக்கா வீட்டில் ஒரு மாதம் தங்கியிருந்தேன். பதினேழு வயது மருமகன் அழைத்தான், போனேன். அவ்வளவுதான்.

அவன் பழகிக்கொண்டிருந்தது டெலிமார்க் முறை. வழமையான மலைச்சறுக்கில் சப்பாத்தின் முன்னும் பின்னும் பலகையோடு பூட்டப்பட்டிருக்கும். டெலிமார்க்கில் முன்பக்கம் மட்டுமே பூட்டு, குதிக்கால் எழும்பும். திரும்பும்போது ஒரு காலை முன்னே விட்டு, மற்றக் காலின் முழங்காலைத் தாழ்த்தி, ஏறக்குறைய மண்டியிட்டபடி வளைய வேண்டும். நோர்வேயின் டெலிமார்க் பகுதியில், மோர்கெடால் என்ற ஊரில் 1825 இல் பிறந்த சொண்ட்ரே நோர்ஹைமின் பெயரோடு பிணைந்த வித்தை இது. வறிய குத்தகைக் குடியானவரான அவர், முறுக்கிய மிலாறுகளைக் குதிக்காலைச் சுற்றிக் கட்டிப் பலகையைக் காலோடு நிறுத்தினார். 1868 இல் இன்றைய ஒஸ்லோவான கிறிஸ்தியானியாவில் நடந்த போட்டியில் தமது 42 வது வயதில் வென்றார். 1884 இல் குடும்பத்தோடு அமெரிக்காவுக்குப் புலம்பெயர்ந்து, 1897 இல் வடக்கு டக்கோட்டாவின் சமவெளியில் இறந்தார். சறுக்குவதற்குச் சரிவில்லாத ஊரில் அவருக்கு முதுமை வந்தது.

இந்தச் சரித்திரத்தை வாசித்திருந்ததே என் முதற்பிழைக்குக் காரணமாயிற்று.

பள்ளிக்கூட வாத்தியக் குழுக்களுக்கு நிதி சேர்ப்பதற்காக அங்கே பழைய பொருட்சந்தை நடத்துவார்கள். அப்படியொரு சந்தையில் தோலாலான பழைய டெலிமார்க் சப்பாத்துச் சோடியொன்றையும், என் தலைக்கு மேல் ஒரு முழம் நீண்ட ஒடுங்கிய பலகைகளையும் கண்டேன். நோர்ஹைமின் வாரிசாகவே என்னை எண்ணிக்கொண்டு இருநூறு குறோணர் கொடுத்தேன்.

"மாமா, அது உங்களுக்குப் பெரிசு" என்றான் மருமகன்.

நான் புறக்கோட்டையில் சப்பாத்து வாங்கும் முறைப்படி குதிக்காலுக்குப் பின்னால் ஒரு விரலை விட்டுப் பார்த்தேன். தாராளமாகப் போனது. செருப்பிலேயே வாழ்ந்த காலுக்கு அது சுகமாகவும் இருந்தது. பையனுக்கு என்ன தெரியும் என்று நினைத்தேன்.

மறுநாள் டிரிவான் சரிவில், எல்லாவற்றிலும் தாழ்ந்த பகுதியிலேயே, பதினொரு தடவை விழுந்தேன். எண்ணியவன் அவன். சப்பாத்துக்குள் என் கால் ஒரு திசையில் திரும்ப, பலகை தன்பாட்டில் வேறு திசையில் போனது. தோல் நனைந்து இன்னும் தொய்ந்தது. கடைசி விழுகையில் இடது முழங்கால் முறுகிற்று. அந்தப் பழைய பிணைப்பு விழும்போது காலை விடுவிக்கும் வகையைச் சேர்ந்ததல்ல என்பதை அப்போதுதான் அறிந்தேன். அக்கா ஐஸ் வைத்தபடி இருவரையும் ஏசினார். நான் விழுந்ததற்கு அவனுக்கும் ஏச்சு!

நான்கு நாள் கழித்து அவன் என்னை வாடகைக்குக் கொடுக்கும் கடைக்கு அழைத்துப் போனான். இம்முறை நான் வாய்திறக்கவில்லை.

முதலில் சப்பாத்து, மற்றதெல்லாம் பிறகு. கால்நீளத்தைச் சென்ரிமீற்றரில் அளந்தார்கள். பிளாஸ்ரிக் சப்பாத்தின் மேற்பகுதியில், பாதத்தின் பந்துப் பகுதிக்கு நேரே, ஆர்மோனியத் துருத்தி போன்ற மடிப்பு உண்டு. குதிக்கால் எழும்போது அது மடியும். சப்பாத்து பெரிதானால் பாதம் வளையும் இடமும் மடிப்பும் ஒன்றோடொன்று பொருந்தா. நிமிர்ந்து நிற்கையில் விரல் நுனி மெல்ல முட்ட வேண்டும். முழங்காலை மடித்தால் முட்டு விலக வேண்டும். குதிக்கால் உள்ளே அசையவே கூடாது. புறக்கோட்டைக் கணக்கு இங்கே தலைகீழ்.

அடுத்தது பூட்டு. பழைய வகைச் சப்பாத்துக்கு வாத்தின் அலகு போன்ற முன்நுனி இருக்கும். அகலம் 75 மில்லிமீற்றர். அதிலுள்ள மூன்று துளைகளில் மூன்று ஊசிகளை ஏற்றும் பிணைப்பை 1927 இல் புரோர் வித் உருவாக்கினார். அதன் பெயர் ரொட்டபெல்லா, அதாவது எலிப்பொறி. பெயர் வைத்தவர் குறும்புக்காரர்தான். பிற்காலத்தில் குதிக்காலைச் சுற்றிக் கம்பியும் சுருள்வில்லும் சேர்ந்தன. 2007 இல் வந்த என்ரிஎன் என்ற புதிய வகையில் அலகே இல்லை. பிணைப்பு பாதத்துக்குக் கீழே கௌவுகிறது. ஒன்றின் சப்பாத்து மற்றதன் பிணைப்பில் பொருந்தாது. இரண்டாங்கையாக வாங்குவோர் ஏமாறும் இடம் இதுவே. சுருள்வில் அதிகம் விறைத்தால் குதிக்காலை எழவிடாது. தளர்ந்தால் பின்பலகை ஆடும்.

பலகைக்குப் பிரத்தியேக வகை அவசியமில்லை. மலைச்சறுக்குப் பலகையே போதும்; தாடைக்கும் மூக்குக்கும் இடைப்பட்ட உயரம், அதிக விறைப்பில்லாதது. தலைக்கவசமும் முழங்கால் உறையும் கட்டாயம். மண்டியிடும் வித்தையல்லவா!

அன்று மூன்று தடவைதான் விழுந்தேன். இரண்டு வளைவுகள் சரியாக வந்தன.

அத்தான் 1987 இல் வந்து, வடக்கே மீன் தொழிற்சாலையில் வேலை தொடங்கியவர். முப்பத்திரண்டு வருடங்களில் பனியை வழித்திருக்கிறார், சபித்திருக்கிறார், அதன்மேல் சறுக்கியதில்லை. மகன் சறுக்கும் சரிவைக்கூட அவர் பார்த்ததில்லை. அன்று மாலை நான் வாசலில் கழற்றிவைத்த வாடகைச் சப்பாத்தைச் சிறிது நேரம் பார்த்துவிட்டுக் காலை நுழைத்தார். எங்கள் இருவருக்கும் ஒரே அளவு. பிடித்துக்கொள்ளச் சுவரில் ஒரு கை.

"என்ன மாதிரி?" என்று அக்கா குசினியிலிருந்து கேட்டார்.

"விரல் முட்டுது."

மருமகன் தன் அறையிலிருந்து எழுந்து வந்து, கீழே குந்தி, கொளுக்கிகளை ஒவ்வொன்றாகப் பூட்டினான்.

"முழங்காலை மடியுங்கோ, அப்பா."