கணியம்பாடியும் கோடி ரூபாய்ப் பந்தும்

வேலூரைப் பற்றி ஊர்க்காரர்களே சொல்லிச் சிரித்துக்கொள்ளும் பேச்சு ஒன்று உண்டு: மரமில்லாத மலை, ராஜா இல்லாத கோட்டை, சுவாமி இல்லாத கோயில், தண்ணீரில்லாத ஆறு. இவற்றில் ஒரு குறை 1981-ல் தீர்ந்தது. கோட்டைக்குள் இருக்கும் கோயிலில் ஜலகண்டேசுவரர் மீண்டும் எழுந்தருளினார். தண்ணீர்க் குறையைத் தீர்ப்பதற்குப் பெண்களே மண்வெட்டியும் கூடையுமாகக் கிளம்பிய பிரதேசம் ஒன்று பக்கத்திலேயே இருக்கிறது. அங்கேதான் இந்த வாரம் உங்களை அழைத்துப் போகிறேன்.

ஊரின் பெயர் கணியம்பாடி. கண்டக்டரிடம் அழுத்தமாகச் சொல்லி டிக்கெட் வாங்குங்கள். முதலெழுத்து அவர் காதில் சரியாக விழாவிட்டால், "வாணியம்பாடிக்கு இந்த பஸ் போகாதம்மா!" என்று இறக்கிவிட்டுவிடுவார். வேலூரிலிருந்து திருவண்ணாமலைக்குப் போகும் சாலையில் சுமார் அரைமணிப் பிரயாணம். ரெயிலில்தான் போவேன் என்பவர்களுக்குக் காட்பாடி - விழுப்புரம் மார்க்கத்தில் ஒரு சின்ன ஸ்டேஷனும் இருக்கிறது.

பஸ்ஸில் போனால் வழியில் பாகாயம் வரும். ஐடா ஸ்கடர் அம்மையார் 1918-ல் பெண்களுக்காகத் தொடங்கிய வைத்தியப் பள்ளி வளர்ந்து, கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியாகி, இங்கேதான் குடிகொண்டிருக்கிறது. கணியம்பாடி வட்டாரத்துக் கிராமங்களில் தங்கித்தான் அதன் மாணவர்கள் ஜனங்களின் வாழ்க்கையையும் நோய்களையும் நேரில் கற்றுக்கொள்கிறார்கள். இந்தக் கல்லூரியில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. மாணவர்களில் பலரைத் திருச்சபைகள் பொறுப்பேற்றுப் பரிந்துரைத்து அனுப்புகின்றன. படித்துத் தேறியதும் அந்த மாணவர் 2 வருஷம், டாக்டர்கள் போகத் தயங்கும் இடங்களிலுள்ள ஆஸ்பத்திரிகளில் ஊழியம் செய்ய வேண்டும். ஏற்றிவிட்ட கைக்கு ஏறியவர் செய்யும் மரியாதை இது. இதைத் தலைப்பில் முடிந்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு அவிழ்க்க வேண்டியிருக்கும்.

பாகாயம் தாண்டி, அரசாங்க மருத்துவக் கல்லூரி இருக்கும் அடுக்கம்பாறை தாண்டி, இதோ கணியம்பாடி வந்துவிட்டது. எதிரே ஜவ்வாது மலை. அமிர்திக் காட்டுக்கும் அருவிக்கும் இங்கிருந்துதான் கிளைச் சாலை பிரிகிறது. ஊரிலே எஞ்சினியரிங் கல்லூரி ஒன்றும் இருக்கிறது.

இனி, இந்தப் பக்கத்துத் தாய்மார்களுக்கும் உங்களுக்கும் பொதுவான ஒரு விஷயத்துக்கு வருவோம். பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளை, பையை வீசிவிட்டு மைதானத்துக்கு ஓடுகிறான். இப்போதெல்லாம் பெண்ணும் ஓடுகிறாள். "பந்து உதைத்தால் சோறு போடுமா?" என்று அம்மா கேட்கிறாள். மயிலாப்பூரானாலும் மலையடிவாரமானாலும் கேள்வி இதுதான். அமெரிக்காக்காரர்கள் இதற்கு நூறு வருஷத்துக்கு மேலாக ஒரு பதில் வைத்திருந்தார்கள். சில வருஷங்களாக அதைத் தலைகீழாக மாற்றிவிட்டார்கள். அந்தக் கதையைக் கேளுங்கள்.

அங்கே கால்பந்து என்பது வேறு ஆட்டம். பெயரில்தான் கால், பெரும்பாலும் கையால் எறிந்து, மார்போடு அணைத்துக்கொண்டு ஓடுகிறார்கள். பந்துகூட உருண்டையில்லை, முட்டை வடிவம். இதைக் கல்லூரிப் பையன்கள் ஆடுவதைப் பார்க்க மிச்சிகன் சர்வகலாசாலை மைதானத்தில் ஒரு லட்சத்துக்கு மேல் ஆசனங்கள்! டிக்கெட் பணம், டெலிவிஷன் பணம் எல்லாம் கல்லூரிக்கு. பயிற்சியாளருக்குக் கோடிக்கணக்கில் சம்பளம். முட்டி உடைய ஆடுகிற பையனுக்கு மட்டும் படிப்புச் செலவு, சாப்பாடு, ஜாகை. ஒரு கடை விளம்பரத்தில் முகம் காட்டிக் காசு வாங்கினால் ஆட்டத்திலிருந்தே தள்ளிவைப்பார்கள். வேறு கல்லூரிக்கு மாறினாலோ, ஒரு வருஷம் ஆடாமல் உட்கார்ந்திருக்க வேண்டும்.

முதலில் தளர்ந்தது இந்தக் கடைசி விதி. கல்லூரி மாற விரும்புகிறவர் பெயரைப் பதிந்துகொள்ள 2018 அக்டோபரில் ஒரு பொதுப் பட்டியல் வந்தது. 2021-ல், முதல் தடவை மாறுகிறவர் உட்கார்ந்திருக்கத் தேவையில்லை என்றார்கள். 2024-ல், படிப்பு ஒழுங்காக இருந்தால் எத்தனை தடவை வேண்டுமானாலும் மாறலாம் என்றார்கள். ஆட்ட காலம் முடிந்ததும் நடக்கிற அமளியை நம் ஊர்த் தை மாதத்தோடுதான் ஒப்பிடலாம். ஜாதகங்கள் பறக்கின்றன, தரகர்கள் நடக்கிறார்கள், "எங்கள் இடத்தில் இவ்வளவு செய்வோம்" என்று பேரம் நடக்கிறது.

பணத்தின் பூட்டும் உடைந்தது. 2021 ஜூன் 21 அன்று, வீரர்களின் படிப்பு சம்பந்தமான உதவிகளுக்கு வரம்பு கட்டுவது செல்லாது என்று அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டின் ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில் சொன்னார்கள். பத்தே நாளில், ஜூலை 1 முதல், மாணவர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் விளம்பரத்துக்குக் கொடுத்துச் சம்பாதிக்கலாம் என்று அனுமதி வந்தது. 2025 ஜூன் 6 அன்று கோர்ட்டு ஏற்ற ஒரு சமரசத்தின்படி, அந்த ஜூலையிலிருந்து கல்லூரிகளே நேராகப் பணம் கொடுக்கத் தொடங்கின. முதல் வருஷத்துக்கு ஒரு கல்லூரி எல்லா விளையாட்டுக்கும் சேர்த்துக் கொடுக்கக்கூடிய உச்சவரம்பு சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர். நம் பணத்தில் 170 கோடி ரூபாய்க்கு மேல்!

"பெண்களுக்கு என்ன கிடைத்தது?" என்றுதானே கேட்கிறீர்கள்? விளம்பரக் கதவு அவர்களுக்கும் திறந்தது. அயோவா சர்வகலாசாலையில் கூடைப்பந்து ஆடிய கெய்ட்லின் கிளார்க், படித்துக்கொண்டிருந்தபோதே இன்ஷூரன்ஸ் கம்பெனி விளம்பரத்தில் தோன்றினார். ஆனால் சமரசத்தில் பழைய வீரர்களுக்கென்று ஒதுக்கிய 280 கோடி டாலரில் பெரும்பகுதி ஆண்களின் கால்பந்துக்கும் கூடைப்பந்துக்குமே போகிறது என்று கண்டதும், அந்த மாதமே சில வீராங்கனைகள் மேல்கோர்ட்டுக்குப் போனார்கள். பாகம் பிரிக்கும்போது பெண்ணின் இலைக்குக் கடைசியில் பரிமாறுவது நம் தேசத்துக்கு மட்டும் உரிய வழக்கமில்லை போலிருக்கிறது!

சரி, பையன் கல்லூரி மாறுவது தப்பா? வேலூரிலேயே பதில் இருக்கிறது. ராதாகிருஷ்ணன் முதலில் வேலூர் ஊரிஸ் கல்லூரியில் படித்தார். பிறகு சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரிக்கு மாறினார். உபகாரச் சம்பளம் பெற்றுப் படித்த அந்த மாணவர் பின்னால் ராஷ்டிரபதியானார். அவர் ஊரிஸை ஏமாற்றிவிட்டார் என்று யாரும் சொன்னதில்லை. புத்திசாலிப் பிள்ளை நல்ல இடம் தேடிப் போகலாமென்றால், பந்தாடும் பிள்ளையும் போகலாம்.

காம் வார்டு என்ற அமெரிக்க வாலிபரின் கதை இதற்குச் சாட்சி. பள்ளிக்கூடத்தை முடித்தபோது பெரிய கல்லூரிகள் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. டெக்ஸாஸில் கன்னிமார் தொடங்கிய இன்கார்னேட் வேர்டு என்ற சிறிய சர்வகலாசாலைதான் இடம் கொடுத்தது. அங்கே மெருகேறி, வாஷிங்டன் ஸ்டேட்டுக்கு மாறி, அங்கிருந்து மயாமிக்கு மாறினார். 2025 ஏப்ரலில் தொழில்முறை அணிகள் புது வீரர்களைத் தேர்ந்தெடுத்தபோது முதலாவதாகக் கூப்பிட்ட பெயர் அவருடையது. பழைய விதிப்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு வருஷம் உட்கார்ந்திருந்தால் அந்த நாள் இத்தனை சீக்கிரம் வந்திராது.

மகிழ்ச்சிதான். ஆனால் யாரும் சீந்தாத பையனைச் சேர்த்துக்கொண்ட அந்தச் சின்னக் கல்லூரியின் கதி? மாறிப்போகிற வீரருக்காக, வளர்த்த கல்லூரிக்கு இவ்வளவு பங்கு தர வேண்டும் என்ற பொது விதி அங்கே கிடையாது. பெரிய இடத்தார் பணத்தைக் காட்டுகிறார்கள். நாற்றங்கால் வருஷா வருஷம் காலியாகிறது. "அடுத்த வருஷம் போகப் போகிறவனுக்கு ஏன் பாடுபட்டுச் சொல்லித்தர வேண்டும்?" என்று ஒரு பயிற்சியாளர் நினைத்துவிட்டால், அடுத்த காம் வார்டை யார் கண்டுபிடிப்பார்கள்?

நம் ஊரில் ஆட்டத்துக்குப் பரிசு, பெரும்பாலும் ஸீட்டாகவும் உத்தியோகமாகவும் வந்திருக்கிறது. தமிழ்ப் பெற்றோருக்குச் செகந்தராபாத்தில் பிறந்த துளசிதாஸ் பலராம், 1957-ல் கல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் அணிக்குப் போனார்; பிறகு ரெயில்வே அணிக்கு மாறினார். 1956, 1960 ஒலிம்பிக்ஸ் இரண்டிலும் இந்தியாவுக்கு ஆடினார். 1962-ல் ஜகார்த்தாவில் தங்கம் வாங்கிய அணியிலும் அவர் இருந்தார். கணியம்பாடி வழியாகப் போகிற இந்தச் சாலை சித்தூரிலிருந்து கடலூர் வரை செல்வது. அந்தக் கடலூரிலிருந்து இந்திய அணிக்கு ஆடப்போன இந்துமதி கதிரேசன், தமிழ்நாடு போலீஸில் சப்-இன்ஸ்பெக்டர். எஞ்சினியரிங் சேர்க்கையில் விளையாட்டுக்காரர்களுக்கு 500 இடங்கள் உண்டு. அரசாங்க வேலையில் 3 சதவீதம் உண்டு. ஆகவே மைதானத்துக்கு ஓடும் பெண்ணை அழைத்து வந்து அம்மியடியில் உட்கார வைக்காதீர்கள். அவள் வாங்கி வரும் சர்ட்டிபிகேட்டுகளை ரேஷன் கார்டுபோல் பத்திரப்படுத்துங்கள். பாடப் புத்தகத்தையும் விடாமல் பிடிக்கச் சொல்லுங்கள். முழங்கால் பிசகினால் ஆட்டம் நின்றுபோகலாம், படிப்பு நிற்காது.

இப்போது தண்ணீர்க் குறைக்கு வருவோம். அமிர்தி மலைப் பக்கத்திலிருந்து நாகநதி என்று ஓர் ஆறு இறங்குகிறது. அது வறண்டு, கிணறுகளும் வறண்டு கிடந்தன. 2014-ல் அதை உயிர்ப்பிக்கும் வேலை தொடங்கியது. நூறு நாள் வேலைத் திட்டத்தின் கீழ் ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் உழைத்தார்கள். ஓடி வருகிற வெள்ளத்தைக் கல் அடுக்கித் தாமதப்படுத்தினார்கள். உறைகிணறு போல மண்ணுக்குள் இறக்கி, தண்ணீர் பூமிக்குள் ஊற வழி செய்தார்கள். 2021 செப்டம்பரில் பிரதம மந்திரி தம்முடைய ரேடியோப் பேச்சில் நாகநதிப் பெண்களைப் பற்றிச் சொன்னார்.

இறைத்துக்கொண்டே இருந்தால் கிணறு வற்றும். கொஞ்சம் ஊறவும் விட வேண்டும். கணியம்பாடி வட்டாரத்துப் பெண்ணுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டாம். பந்து விஷயத்திலும் இதே நியாயம்தான். நாம் அறிந்த உருண்டைப் பந்துக் கால்பந்தின் உலக சபையான ஃபிஃபா, 2001-லேயே இதற்கு விதி செய்தது. ஒரு வீரரை ஒரு தேசத்துக் கிளப்பிலிருந்து மற்றொரு தேசத்துக் கிளப் விலை பேசி அழைத்துக்கொண்டால், அந்த விலையில் 5 சதவீதம் பிரித்து, அவருக்கு 12 வயது முதல் 23 வயது வரை பயிற்சி தந்த கிளப்புகளுக்குக் கொடுக்க வேண்டும். பாகாயத்தில் தலைப்பில் முடிந்தீர்களே, அதை இங்கே அவிழ்த்துப் பாருங்கள். அந்த 2 வருஷ ஊழியமும் இந்த 5 சதவீதமும் ஒரே தர்மத்தைத்தான் சொல்கின்றன.

பிள்ளை போகட்டும், சம்பாதிக்கட்டும், தடுக்கவே வேண்டாம். அவனை ஆளாக்கிய மைதானத்துக்கு ஒரு சொட்டாவது திரும்பி வந்து ஊற வேண்டும். அமெரிக்கக் கல்லூரிகள் இந்த ஒன்றைத்தான் இன்னும் விதியாக்கவில்லை. நம்மிடமும் ஸீட்டும் உத்தியோகமும் வாங்கியவர்கள், தமக்கு முதன்முதலில் பந்தை உருட்டிவிட்ட டிரில் மாஸ்டரை நினைத்து, பழைய பள்ளிக்கு ஒரு ஜோடிப் பூட்ஸாவது, ஒரு வலையாவது வாங்கிக் கொடுத்தால் எவ்வளவு நன்றாயிருக்கும்!

கணியம்பாடிக்குப் போகிறவர்கள் அப்படியே அமிர்திக்கும் போய் வாருங்கள். மழைக்குப் பின் போனால்தான் அருவி அருவியாக இருக்கும். குழந்தைகள் பார்க்கச் சிறு மிருகக்காட்சி சாலையும் உண்டு. திரும்பும்போது நாகநதிக் கரையில் ஒரு நிமிஷம் நில்லுங்கள். ஆற்று மணலுக்குள் இறக்கிய அந்த உறைகளைக் குழந்தைகளுக்குக் காட்டி, அவற்றைக் கட்டியது யார் என்றும் சொல்லுங்கள்.