சாய்ந்த வண்டி

எங்கள் மோட்டார் வண்டி வலப்பக்கம் சாய்ந்து நிற்கத் தொடங்கியபோது, காரணம் என்ன என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. நானாகவே சொன்னேன். கதை எழுதுகிறவனுக்கு இது ஒரு கெட்ட பழக்கம். எதைக் கண்டாலும் காரணம் தயாராக இருக்கும்.

"அப்பா உட்கார்ந்த பக்கம்" என்றேன். "நாற்பது வருஷம் தனி ஆளாக ஓட்டினார். நல்ல கனத்த சரீரம். ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது."

கேட்டவர்கள் உருகிப் போனார்கள். அம்மா மட்டும் ஒன்றும் பேசாமல் உள்ளே போய்விட்டாள்.

அது ஸ்டாண்டர்டு ஹெரால்டு வண்டி. எங்கள் பக்கத்தில் அதன்மேல் ஓர் ஊர்ப்பாசம் உண்டு. பிறப்பு இங்கிலாந்து என்றாலும், அறுபதுகளில் அதை இங்கே செய்தது வண்டலூர்த் தொழிற்சாலை அல்லவா! அது மூடி நெடுங்காலமாயிற்று. செங்கற்பட்டுக் கோர்ட்டில் வக்கீலாக இருந்த அப்பா, நான்கு கதவு வைத்த மார்க் 3 வண்டியைப் பழசாக வாங்கினார். அவர் 2021ல் காலமானார். வண்டி என்னிடம் வந்தது. எழுதுவதற்கென்று மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடலோரத்தில் நான் எடுத்திருந்த வாடகை வீட்டுக்கு அதைக் கொண்டுபோய், ஒரு தென்னை மரத்தடியில் நிறுத்தினேன்.

சாய்வு தெரிந்ததும் வழியில் இருந்த ஒரு ஒர்க்ஷாப்பில் விட்டேன். என் கதையை அங்கேயும் சொன்னேன். அவர்களும் நம்பி, ஏதோ செய்து நிமிர்த்திக் கொடுத்தார்கள். வண்டி நேராகத்தான் நின்றது. ஆனால் ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுத்தது. ஆறு மாதத்தில் மறுபடியும் சாய்ந்துவிட்டது.

கடைசியில், அப்பா வழக்கமாகப் போகும் செங்கற்பட்டு மெக்கானிக்கிடமே போனேன். எல்லோருக்கும் அவர் பாய்தான். என் கதையை முழுவதும் கேட்டுக்கொண்டார்.

"டிரைவர் பக்கம் ஸ்பிரிங் கொஞ்சம் இறங்கறது உண்டுதான் தம்பி. ஆனா வக்கீல் ஐயா இருந்த வரைக்கும் வண்டி என்கிட்டதான் வந்தது. அப்ப சாயலையே! முதல்ல அளந்து பார்ப்போம்."

சமதளமான சிமெண்டுத் தரையில் வண்டியை நிறுத்தச் சொன்னார். டிக்கியில் கிடந்த என் புத்தக மூட்டைகளை இறக்கினார். நான்கு டயர்களுக்கும் காற்றுப் பார்த்தார். பிறகு வண்டியை முன்னும் பின்னுமாக நாலு முழம் உருட்டச் செய்தார். இந்த வண்டியின் பின்பக்கத்தில் குறுக்காக ஒரே ஒரு பட்டை ஸ்பிரிங். இரண்டு பின்சக்கரங்களும் நடுவிலிருந்து தனித்தனியே இறக்கைபோல் அசைபவை. ஜாக்கி வைத்து இறக்கினால் சக்கரங்கள் உள்ளே ஒடுங்கி, வண்டி உயர்ந்தே நிற்குமாம். உருட்டினால்தான் உண்மையான நிலைக்கு வரும். உருட்டாமல் அளப்பது, ஓடி வந்தவனை நிற்கவைத்து நாடி பிடிப்பது போல.

பிறகுதான் டேப்பை எடுத்தார். சக்கரத்தின் மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரைக்கும் அளந்தார். வலப்பக்கம் முக்கால் அங்குலம் குறைந்தது. "பார்த்தீர்களா!" என்றேன்.

அவர் பதில் சொல்லாமல் கீழே படுத்து, அதே மையத்திலிருந்து சேஸ் சட்டம் வரைக்கும் அளந்தார். ஹெரால்டில் பாடி வேறு, சேஸ் வேறு. ஒன்றின்மேல் ஒன்று உட்கார்ந்து போல்ட்டு முடுக்கியது. வலப்பக்கம் பாடி தாழ்ந்திருக்கிறது. சேஸோ அரை அங்குலம் உயர்ந்திருக்கிறது!

"ஸ்பிரிங்குக்கு அண்டை கொடுத்திருக்காங்க" என்றார். கழற்றியதும், முன் ஸ்பிரிங்கின் தலைமாட்டிலிருந்து தடித்த வளையம் ஒன்று விழுந்தது. அதை எடுத்துவிட்டு மறுபடி உருட்டி அளந்தபோது சேஸ் இரண்டு பக்கமும் சமம். பாடி மட்டும் இன்னும் தாழ்ந்துவிட்டது.

"சேஸே சாய்ஞ்சிருந்தா, முன்சட்டத்து நடுவில ஜாக்கி கொடுத்துத் தூக்கிப் பார்க்கணும். பின்பக்கம் நேராயிட்டா குறை முன்னால, நேராகலைன்னா பின்னால. இங்க அதுக்கே வேலை இல்லை. ஸ்பிரிங் மேல குத்தமே கிடையாது."

சின்னச் சுத்தியலால் சேஸிலிருந்து பக்கவாட்டில் நீண்டு பாடியைத் தாங்கும் கைச்சட்டங்களைத் தட்டிக்கொண்டே போனார். இடப்பக்கம் 'டங்'கென்றது. வலப்பக்கம் 'பொத்'தென்றது. மூன்றாவது தட்டில் துரு அப்பளம்போல் பொரிந்து என் காலடியில் உதிர்ந்தது.

"வண்டியை எந்தப் பக்கம் பார்த்து நிறுத்துறீங்க தம்பி?"

வடக்குப் பார்த்து. அப்படியானால் வலப்பக்கம் கிழக்கு. கிழக்கே கடல்.

எனக்குப் பேச்சு எழவில்லை. கடற்கரைக் கோயிலைப் பற்றி நான் பக்கம் பக்கமாக எழுதியவன். ராஜசிம்மன் காலத்துக் கல்லையே உப்புக் காற்று அரித்துவிட்டது என்று வருந்தியவன். காகிதக் கூழை ஈரமாக அப்பி, கல்லுக்குள் இறங்கிய உப்பைத் தொல்லியல் துறையினர் உறிஞ்சி எடுத்த விவரத்தை வியந்து எழுதியவன். ஆயிரத்து முந்நூறு வருஷத்துக் கருங்கல்லை அரிக்கிற காற்று, வெறும் இரும்புத் தகட்டை என்ன செய்யும் என்று இரண்டு வருஷத்தில் ஒருநாளாவது யோசித்தேனா? அப்பா அதை ஷெட்டை விட்டு ஓர் இரவு வெளியே வைத்ததில்லை.

கைச்சட்டங்களைப் புதிதாக வெட்டி வெல்டிங் செய்து, துருவுக்கு மருந்தடித்து, பாடியைத் தூக்கி உட்காரவைக்கப் பத்து நாள் ஆயிற்று.

வண்டியை வீட்டில் நிறுத்திவிட்டு அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சாய்வுக்குக் காரணம் அப்பா அல்ல, நான்தான் என்றும் சொன்னேன்.

"பின்கதவு ஒரே தடவையில சாத்தமாட்டேங்குதுன்னு போன வருஷமே சொன்னேனேடா" என்றாள் அம்மா.

சொல்லியிருந்தாள். டிரைவருக்குப் பின்னால், வலப்பக்கக் கதவோரமாகத்தான் அவள் எப்போதும் உட்காருவாள். பாடி இறங்கியதும் முதலில் பிடித்தது அந்தக் கதவுதான். வயசாகி அம்மாவின் கையில் வலு குறைந்துவிட்டது என்று அதற்கும் ஒரு காரணம் தயாராக வைத்திருந்தேன்.

அம்மா வாசலுக்கு வந்து பின்கதவைத் திறந்தாள். விரல் நுனியால் தள்ளினாள். 'டப்'பென்று சாத்திக்கொண்டது.

"அவர் பாரம் யாருக்கும் இருந்ததில்லைடா" என்று சொல்லிவிட்டு, இன்னொரு தடவை திறந்து சாத்தினாள்.

இப்போது வண்டி செங்கற்பட்டு ஷெட்டில்தான் நிற்கிறது. நான் மாமல்லபுரத்துக்குத் திருக்கழுக்குன்றம் வழியாகப் பஸ்ஸில் போய் வருகிறேன்.