அறிந்த கதையும் அறியாத மொழியும்

மாலையில் மதரசாவில் கணீரென ஓதும் நம் பிள்ளைகள், ஆங்கிலப் பாடநூலை எடுத்தவுடன் எழுத்தெழுத்தாகத் தடவுவது ஏன்? வாக்கியத்தின் ஈற்றை எட்டும்போது அதன் தொடக்கம் மறந்துவிடுகிறது. ‘இவனுக்குப் படிப்பு ஏறாது’ என்று எட்டாம் வகுப்போடு கடைக்கு அனுப்பிவிடும் பெற்றோர் பலரை நாம் கண்டிருக்கின்றோம். குறை அறிவில் இல்லை. சொல்லை இனங்காண்பதிலேயே மனம் முழுதும் செலவாகிவிட்டால், பொருளை உணர எஞ்சுவது என்ன? அமெரிக்க அறிஞர்களான லபெர்ஜும் சாமுவேல்ஸும் 1974இல் வலியுறுத்திய கருத்து இதுவே. சிறு பகுதி ஒன்றையே சரளம் கைகூடும்வரை திரும்பத் திரும்பப் படிக்கச் செய்யும் முறையைச் சாமுவேல்ஸ் 1979இல் விளக்கி எழுதினார். ஓதிப் பழகிய எமக்கு இது புதுமையாகத் தோன்றவில்லை! ஆயினும், திருமறையைப் பொருளறியாது ஓதினும் நன்மையுண்டு. ஆங்கிலத்தைப் பொருளறியாது படிப்பதால் ஆவதொன்றில்லை.

இங்கேதான் நன்னிமார் சொல்லும் கதைகள் கைகொடுக்கின்றன. வாய் மூடாமையால் வானிலிருந்து விழுந்த ஆமையை நம் பிள்ளைகள் நன்கறிவர். அக்கதையைக் கொண்ட பஞ்சதந்திரம், பஹ்லவி வழியாக, எட்டாம் நூற்றாண்டில் இப்னுல் முகஃப்பாவின் கையால் ‘கலீலா வ திம்னா’ என அரபியில் மலர்ந்தது. பின்னர் ஹீப்ரு, இலத்தீன் முதலிய மொழிகளைக் கடந்து, 1570இல் தாமஸ் நார்த்தின் மொழிபெயர்ப்பாக ஆங்கிலத்தை அடைந்தது. நம் வீட்டுக் கதைதான். வேற்றுடை அணிந்து வந்திருக்கிறது.

முதலில் கதையைத் தமிழிற் சொல்வோம். பிறகு நூறு சொற்களுக்கு மிகாமல் எளிய ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்து, ஒருமுறை உரக்கப் படித்துக் காட்டுவோம். அப்பால் இருவர் இருவராக, ஒருவர் படிக்க மற்றவர் கேட்க, நான்கு நாளும் அதே கதை. அடுத்து நிகழ்வது முன்பே தெரிந்திருப்பதால் கண் தயங்காது வரியில் முந்திச் செல்கிறது. புதுச் சொல்லையும் கதையே காட்டிக்கொடுக்கிறது. கடிகாரம் பிடித்து வேகம் அளப்பாரும் உளர். எமக்கு அதில் நாட்டமில்லை. குரலில் ஆமையின் சினம் கேட்கிறதா என்பதே எமது அளவுகோல்.

தாளைப் பாராமலே ஒப்பிக்கும் சாமர்த்தியசாலிகளும் இல்லாமலில்லை. அவர்களுக்காக ஐந்தாம் நாள் வரிகளைச் சற்றே மாற்றி, அன்னத்தைக் கொக்காக்கிக் கொடுப்போம். படிப்பு ஏறாதென்று பெயரெடுத்த ஒரு சிறுவன் பாதியில் நிறுத்தி நிமிர்ந்தான். “ஹஜ்ரத், அன்னமல்லவா? கொக்கென்று எழுதியிருக்கிறீர்களே!” என்றான். அன்றிரவே அவன் வாப்பாவை அழைத்து, கடைக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்ளுமாறு சொல்லிவிட்டோம்.