ஒரு பி.காமும் ஒரு ஸ்பானிஷும்

எங்கள் குடும்பத்தில் பி.காம். என்பது பரம்பரை வியாதி. அப்பா பி.காம்., சித்தப்பா பி.காம்., நான் பி.காம். அக்காவையாவது காப்பாற்றலாம் என்று பி.எஸ்ஸி. சேர்த்தார்கள், வந்து வாய்த்த மாப்பிள்ளை பி.காம். ஆகவே அக்கா பையன் ப்ளஸ் டூ முடித்ததும் அடுத்து என்ன என்பதில் யாருக்கும் சந்தேகமே இல்லை. அவனைத் தவிர.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஜீயபுரத்திலிருந்து அக்காவின் போன்.

"டேய், உன் மருமகன் ஸ்பானிஷ் படிக்கப் போறானாம்டா!"

"எங்கே, ஸ்பெயினுக்கா?"

"டெல்லிக்கு. டெல்லியில யாருடா ஸ்பானிஷ் பேசறாங்க? நீ வந்து நாலு புத்தி சொல்லு."

பத்திரிகைக்கு எழுதிப் பிழைக்கிறவனிடம் ஒரு தாய் புத்தி கேட்கிறாள் என்றால், வீட்டில் நிலைமை எவ்வளவு மோசம் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் டவுன் பஸ் பிடித்தேன். கரூர் ரோடு, வாழைத் தோட்டம், காவிரிக் காற்று. பங்குனியில் ஸ்ரீரங்கத்திலிருந்து நம்பெருமாளே எழுந்தருளி, தயிர்சாதமும் மாவடுவும் ஏற்றுக்கொண்டு போகிற ஊர் எங்கள் ஜீயபுரம். 'பெருமாளே தேடி வர்ற ஊரை விட்டுட்டு இவன் எங்கே போறான்?' என்பது அக்காவின் வாதம். பதில் சொல்ல முடியாத வாதம்.

பையனை ரயில்வே ஸ்டேஷனுக்குத் தள்ளிக்கொண்டு போனேன். எங்கள் ஊரில் அந்தரங்கமாகப் பேச அதைவிட நல்ல இடம் கிடையாது. ரயில்கள்கூட பெரும்பாலும் நம்மைத் தொந்தரவு செய்யாமல் நிற்காமலே போய்விடும்.

"சொல்லு மாப்ளே. என்ன திட்டம்?"

"ஜே.என்.யூ.வுல பி.ஏ. ஸ்பானிஷ், மாமா. முடிச்சதும் அங்கேயே பொது சுகாதாரத்துல முதுகலைக்கு முயற்சி பண்ணுவேன். ரெண்டும் ஒரே காம்பவுண்டுக்குள்ள இருக்கு. சேர்த்து ஒரே டிகிரியா தர்றதில்லை. நானா சேர்த்துக்க வேண்டியதுதான்."

"சாம்பாரையும் பாயசத்தையும் சேர்த்துக்கற மாதிரியா?"

பையன் சிரிக்கவில்லை. நான் பேனாவை எடுத்து, கையிலிருந்த பேப்பரின் ஓரத்தில் கோடு போட்டேன். பற்று: மூன்று வருஷம், டெல்லிக் குளிர், தினம் சப்பாத்தி. வரவு: ?

"வரவு நான் சொல்றேன் மாமா," என்றான். "உலக சுகாதார நிறுவனத்துக்கு ஆறு ஆட்சிமொழி. அதுல ஸ்பானிஷ் ஒண்ணு. அம்பது கோடிப் பேர் அளவுக்குத் தாய்மொழி. உலக சுகாதார நிறுவனமே 1948-லதான் வந்தது. ஆனா அமெரிக்கக் கண்டத்து நாடுகள் சேர்ந்து சுகாதாரத்துக்குன்னு 1902-லேயே ஒரு அமைப்பு ஆரம்பிச்சாச்சு. அப்புறம், நம்ம வீட்டுத் தண்ணித் தொட்டியில கொசுப்புழு இருக்கான்னு டார்ச் அடிச்சுப் பார்க்க வர்றாங்களே, அந்த ஏடிஸ் கொசுதான் மஞ்சள் காய்ச்சலைப் பரப்புதுன்னு 1881-லேயே ஹவானாவுல சொன்னவர் கார்லோஸ் ஃபின்லேங்கற டாக்டர். உலகம் அதை ஒத்துக்க இருபது வருஷம் ஆச்சு."

அதே ஹவானாவில் 1999-ல் லத்தீன் அமெரிக்க மருத்துவப் பள்ளி என்று ஒன்று தொடங்கினார்களாம். பல தேசத்து ஏழைப் பிள்ளைகள் வந்து படிக்கிறார்கள். ஸ்பானிஷ் தெரியாமல் வருகிறவனுக்கு முதலில் ஸ்பானிஷ். அப்புறம்தான் ஸ்டெதஸ்கோப்.

"அதோட, ரொம்பக் கஷ்டமான பாஷை இல்லை மாமா. மேசைக்கு 'மேசா'ன்னுதான் சொல்றாங்க."

"நம்மகிட்டேருந்து திருடிட்டாங்களா?"

"நாமதான் போர்ச்சுகீசியர்கிட்டேருந்து வாங்கினோம். ரெண்டு பாஷையிலும் அந்த வார்த்தை ஒண்ணுதான்."

எனக்குக் கொஞ்சம் பயம் வந்துவிட்டது. புத்தி சொல்ல வந்தவனுக்கு இப்படி ஆவது புதிதல்ல என்றாலும், அரைமணிக்குள் ஆவது புதிது.

"சரிடா. வியாதி உடம்புல இருக்கு. டாக்டர் மாத்திரை தர்றார். நடுவுல பாஷைக்கு என்ன வேலை?" என்றேன், கடைசி அஸ்திரமாக.

அதற்கு அவன் இரண்டு கதை சொன்னான். இரண்டும் நடந்தவை.

முதலாவது நம் பக்கத்து மாநிலத்தில். ஜே.என்.யூ.வின் சமூக மருத்துவ மையத்தை 1971-ல் தொடங்கியவர் தேபபர் பானர்ஜி என்ற டாக்டர். அதற்கு முன் பெங்களூர் தேசிய காசநோய் நிறுவனத்தில் இருந்தார். 'கிராமத்து ஜனங்களுக்கு நோயைப் பற்றிய விவரம் போதாது, ஆஸ்பத்திரிப் பக்கமே வருவதில்லை' என்பது அந்தக் காலத்தில் பொதுவான புகார். இவர் சும்மா இருக்காமல் தும்கூர் பக்கத்து கிராமங்களில் வீடு வீடாக விசாரிக்க வைத்தார். 1963-ல் வெளியான ஆய்வு அது. பார்த்தால், நோய்க்குறி இருந்தவர்களில் பாதிப்பேர் அளவுக்கு ஏற்கெனவே ஆஸ்பத்திரிக்குப் போய், இருமுகிறது என்று சொல்லியும் இருக்கிறார்கள்! பெரும்பாலானவர்களுக்கு ஒரு பாட்டில் இருமல் மருந்தைக் கொடுத்து அனுப்பிவிட்டிருக்கிறார்கள்.

"ஜனங்க சொல்லாம இல்லை மாமா. எதிர்ல இருந்தவங்க காதுல விழலை. அவ்வளவுதான்."

இரண்டாவது கதை அமெரிக்காவில், ஃப்ளோரிடாவில். வருஷம் 1980. பதினெட்டு வயதுப் பையன் ஒருவனை நினைவில்லாமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வருகிறார்கள். கியூபாக் குடும்பம். 'இன்டாக்ஸிகாடோ' என்கிறார்கள். சாப்பிட்டது ஏதோ ஒத்துக்கொள்ளவில்லை, விஷமாகிவிட்டது என்று அவர்கள் ஊர் வழக்கில் அர்த்தம். ஆனால் ஆங்கிலத்தில் அதே மாதிரி காதில் விழும் வார்த்தைக்குப் 'போதையில் இருக்கிறான்' என்று அர்த்தம். போதை மருந்துக் கேஸ் என்று முடிவு கட்டி வைத்தியம் நடந்தது. உண்மையில் மூளைக்குள் ரத்தக் கசிவு. அது தெரிந்தபோது காலம் கடந்துவிட்டது. பையனுக்குக் கை கால் நான்கும் போய்விட்டன. வழக்கு சமரசமானபோது, அவன் ஆயுள் முழுக்கக் கணக்குப் போட்டுச் சொன்ன தொகை ஏழு கோடி டாலருக்கும் மேல்.

"ஒரே ஒரு வார்த்தை, மாமா. அது வேற வார்த்தையா இருந்திருந்தா, சரியா தெரிஞ்ச ஆளைக் கூப்பிட்டிருப்பாங்க. தெரிஞ்ச வார்த்தை மாதிரியே இருந்ததாலதான் யாரும் கூப்பிடலை."

நான் பதில் பேசவில்லை. பேனா மூடியைத் திறந்து, மூடி, திறந்து, மூடினேன்.

எனக்கு அப்போது வயது இருபத்துநாலு. வடக்கே ஒரு பெரிய ஊரில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். அப்பா என்னைப் பார்க்க வந்திருந்தார். ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்தார். "நெஞ்சை அடைக்குதுடா. தோள்பட்டை கனக்குது. வாயுவா இருக்கும்," என்றார். ஆட்டோ பிடித்து ஒரு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். டியூட்டி டாக்டர் ஹிந்தியில் என்ன என்று கேட்டார். 'அடைக்குது' என்பதற்கு எனக்கு ஹிந்தி தெரியாது. 'கனக்குது' என்பதற்கும் தெரியாது. வாயுவுக்குத் தெரியும். அது எல்லா பாஷையிலும் ஒன்றுதானே.

"கேஸ்," என்றேன்.

கேஸுக்கு மாத்திரை கொடுத்தார்கள். அப்பா தலையாட்டி வாங்கிக்கொண்டார். இரண்டு நாள் கழித்து வேறோர் இடத்தில் ஈ.ஸி.ஜி. எடுத்தபோது, அட்டாக் ஏற்கெனவே வந்து போயிருக்கிறது என்றார்கள். அப்பா பிழைத்துக்கொண்டார். அதற்கப்புறம் நாலு வருஷம் இருந்தார். ஆனால் தினம் விடியற்காலை காவிரிக்கு நடந்து போய்க் குளித்து வந்த மனிதர், வீட்டிலிருந்து தெருமுனைக்குப் போவதற்குள் இரண்டு திண்ணையில் உட்கார வேண்டியிருந்தது.

அந்த டாக்டரை நான் குறை சொல்லவில்லை. அவர் கேட்டார், நான் சொன்னேன். அப்பா சொன்ன மூன்றில் ஒன்றைத்தான் நான் கொண்டுபோய்ச் சேர்த்தேன். கணக்குப்பதிவியலில் இதற்கு விடுபிழை என்று பெயர். ஒரு நடவடிக்கையை முழுசாகவே எழுதாமல் விட்டுவிட்டால் இருப்பாய்வு அழகாகச் சரியாக வந்துவிடும். பிழை இருப்பதே தெரியாது. பி.காம். முதல் வருஷப் பாடம். இரண்டு மார்க் கேள்வி. அன்றைக்கு அந்த இரண்டு மார்க்கை நான் வாங்கியிருக்கிறேன்.

இதை நான் அம்மாவிடம் சொன்னதில்லை. அக்காவிடமும் இல்லை. எதிரே உட்கார்ந்திருந்த பையனிடமும் சொல்லவில்லை.

"ஃபாரத்துக்கு எவ்வளவுடா கட்டணும்?" என்று மட்டும் கேட்டேன். ஸ்டேஷன் பெஞ்சிலேயே போனில் கட்டினேன். பேப்பர் ஓரத்தில் போட்ட கணக்கைக் கிழித்து, பக்கத்து டீக்கடைக் குப்பைக்கூடையில் போட்டேன்.

வீட்டு வாசலிலேயே அக்கா.

"புத்தி சொன்னியா?"

"சொல்லிக்கிட்டேன்."

"என்னது?"

"சாப்பாடு போடு."

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அம்மா வந்து சுவரோரமாக உட்கார்ந்தாள். விஷயம் எப்படியோ தெரிந்திருக்கிறது. பேரனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏன்டா, நெஞ்சை அடைக்குதுன்னா அவங்க பாஷையில எப்படிடா சொல்வாங்க?"

எனக்குக் கை அப்படியே இலையில் நின்றுவிட்டது. அம்மா என் பக்கம் திரும்பவே இல்லை.

"இன்னும் அந்தப் பாடம் வரலை அம்மாச்சி," என்றான் பையன். போனைப் பார்த்துச் சொந்தமாகப் படித்துக்கொண்டிருக்கிறானாம். "இப்போதைக்கு 'நான் ஆப்பிள் சாப்பிடுகிறேன்' வரைக்கும்தான் வந்திருக்கேன்."

"அதை முதல்ல கத்துக்க," என்றாள் அம்மா. "ஆப்பிள் அப்புறம் சாப்பிடலாம்."