மஞ்சள் விளக்கும் நாலு இலக்கமும்

டீசல் வண்டி வைத்துப் பிழைப்பவர்களுக்கு, ஸ்டியரிங்கின் முன்னுள்ள பலகையில் எஞ்சின் உருவங்கொண்ட மஞ்சள் விளக்கு எரிவதைப்போல் வயிற்றைக் கலக்கும் காட்சி வேறொன்றில்லை. வண்டி அடியோடு நின்றுவிட்டாலாவது மனம் ஒரு வழிக்கு வரும். இதுவோ ஓடிக்கொண்டேயிருக்கும், ஆனால் ஏற்றத்தில் இழுக்காது. பட்டறைக்குப் போனால் எவ்வளவு கேட்பார்களோ என்ற அச்சம் ஒரு பக்கம். போகாவிட்டால் எஞ்சினே கெட்டுவிடுமோ என்ற அச்சம் மறு பக்கம். நாக்பூரில் வாழும் நமது குடும்பம் சில ஆண்டுகளாக இவ்விளக்கோடு பழகி வருகிறது. அப்பழக்கத்தில் தெரிந்துகொண்டவற்றை, வண்டி வைத்திருக்கும் அன்பர்களுக்குப் பயன்படக்கூடும் என்று கருதி இங்கே எழுதுகிறோம்.

நாம் மோட்டார் சாஸ்திரம் கற்றவரல்ல. பள்ளியிறுதித் தேர்வோடு படிப்பு நின்றது. ரயில்வே சரக்கு அலுவலகத்தில் குமாஸ்தா உத்தியோகம். வண்டி நம் மைத்துனனுடையது. எட்டாம் வகுப்பு வரை படித்தவன், தென்காசிப் பக்கத்திலிருந்து நம்மை நம்பி வந்தவன். 2021-இல் ஒரு பழைய டர்போ டீசல் பிக்-அப் வண்டியை வாங்கினான். அது 2017-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் தயாரானது. பணத்தில் ஒரு பங்கு அவன் சேமிப்பு, ஒரு பங்கு நாம் கூட்டுறவுச் சங்கத்தில் எடுத்த கடன், மிச்சம் அவன் அக்காளின் சங்கிலி. காட்டோல் தோட்டங்களிலிருந்து ஆரஞ்சுப் பழத்தை நாக்பூர் கலம்னா சந்தைக்கு ஏற்றி வருவது அவன் தொழில்.

2022 டிசம்பரில், பழ வரத்து மும்முரமாக இருந்த சமயத்தில், விளக்கு எரிந்தது. பாரம் ஏற்றினால் வண்டி திணறியது, கரும்புகை கக்கியது. பட்டறைக்காரர் ஒரு கருவியைச் செருகிப் பார்த்தார். "டர்போ போய்விட்டது, 42,000 ரூபாய் ஆகும்" என்று இந்தியில் சொல்லிவிட்டு அடுத்த வண்டிக்குப் போய்விட்டார். அன்றிரவு மைத்துனன் சாப்பிடவில்லை. "அத்தான், வண்டியை வித்துட்டு ஊருக்கே போயிடட்டுமா?" என்று கேட்டான். அவன் அக்காள் ஒன்றும் பேசவில்லை. கழுத்தில் இல்லாத சங்கிலியைத் தடவிக்கொண்டாள்.

கருவியில் கண்டது என்னவென்று நாம் விசாரித்தோம். 'பி 0299' என்று ஓர் எழுத்தும் நாலு இலக்கமும் இருந்ததாக மைத்துனன் நினைவில் வைத்திருந்தான். நல்ல வேளை.

இக்குறிகளுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. முதலெழுத்து வண்டியின் எப்பகுதி என்பதைச் சொல்லும். ஆங்கிலத்தில் எஞ்சினுக்கு ஓர் எழுத்து, வண்டியின் உடற்கூட்டுக்கு வேறோர் எழுத்து. தமிழில் எழுதினால் இரண்டும் 'பி' ஆகிவிடும்! நமது நோட்டுப் புத்தகத்தில் பின்னதை 'உடல்' என்றே எழுதுவது வழக்கம். அடுத்த இலக்கம் 0 ஆனால் அக்குறி எல்லாக் கம்பெனி வண்டிகளுக்கும் பொது. 1 ஆனால் அந்தந்தக் கம்பெனி தனக்கென வைத்துக்கொண்டது. 2017 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து பி.எஸ். 4 விதிகள் நாடெங்கும் அமலுக்கு வந்தன. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 வந்தது. இவற்றிடைப்பட்ட காலத்து வண்டிகள் பெரும்பாலும் பொதுக் கருவிக்கு விடை சொல்லும். அதனினும் பழைய வண்டிகளில் 16 முனைகள் கொண்ட சொருகுவாய் இருந்தும், கம்பெனியின் சொந்தக் கருவிக்கன்றி வாய் திறவாதவை உண்டு.

பி 0299 என்பதன் பொருள், டர்போ கெட்டது என்பதன்று. 'எஞ்சினுக்குள் செல்லும் காற்றின் அழுத்தம், இருக்கவேண்டிய அளவைவிடக் குறைந்திருக்கக் கண்டேன்' என்பதே. இவ்விரண்டுக்கும் உள்ள தூரம் நமக்கு உடனே விளங்கிற்று; காரணம் நம் உத்தியோகம். 100 மூட்டை ஏற்றிய வாகனில் 97 மூட்டை வந்து இறங்கினால், இறங்கிய ஸ்டேஷன்தான் குறைவு அறிக்கை அனுப்பும். அறிக்கை அனுப்பிய ஸ்டேஷனிலேயே மூட்டை தொலைந்தது என்று எந்தக் குமாஸ்தாவும் முடிவு கட்டமாட்டான். ஏற்றிய இடம், வண்டி மாறிய இடம், வழியில் சீல் உடைந்திருந்ததா என்பதையெல்லாம் ஒவ்வொன்றாகப் பார்த்துப் பின்னோக்கிப் போவான். மோட்டாருக்குள் இருக்கும் கணிப்பொறியும் அத்தகைய குறைவு அறிக்கைதான் அனுப்புகிறது.

ஆகவே காற்று வரும் வழியைப் பின்னோக்கிப் பார்க்கத் தீர்மானித்தோம். புகைபோக்கிக்குச் செல்லும் சூடான வாயு டர்போவின் ஒரு சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையிலுள்ள சக்கரம் வெளிக்காற்றை உறிஞ்சி அமுக்குகிறது. அமுக்கிய காற்று சூடேறுமாகையால், இன்டர்கூலர் என்னும் குளிர்விப்பானில் ஆறி, ரப்பர்க் குழாய்கள் வழியே எஞ்சினை அடைகிறது. காற்றை அளக்கும் மானியோ டர்போவுக்கு முன்னால் இருக்கிறது. அளந்த காற்று வழியில் கசிந்தால், கணிப்பொறி அளவுக்குத் தக்கபடி டீசலை விடும், காற்று மட்டும் போதாமற் போகும். கரும்புகைக்கு அதுவே காரணமாகலாம்.

கைபேசியுடன் கம்பியில்லாமல் பேசும் சிறு கருவி ஒன்றை 700 ரூபாய்க்கு வாங்கினோம். சாவியைத் திருப்பி, எஞ்சினைக் கிளப்பாமல் பார்த்தபோது, அழுத்தமானி 97 கிலோபாஸ்கல் காட்டியது. கடல் மட்டத்துக்குச் சுமார் 300 மீட்டர் மேலேயுள்ள நாக்பூரில் காற்றின் இயற்கை அழுத்தம் ஏறக்குறைய அதுதான். ஆகவே மானி பொய் சொல்லவில்லை. பாரத்துடன் ஏற்றத்தில் ஓட்டியபோது 130-க்கு மேல் எழவில்லை. 200-ஐத் தொடவேண்டிய வண்டி அது.

ஞாயிற்றுக்கிழமை எஞ்சின் ஆறியபின் டர்போவின் காற்று நுழையும் வாயைத் திறந்து, தண்டை விரலால் அசைத்துப் பார்த்தோம். பக்கவாட்டில் இம்மியளவு ஆட்டம் இருந்தது; அது இயல்பே. முன்னும் பின்னும் அசைவு புலப்படவில்லை. சக்கர இதழ்கள் எங்கும் உராய்ந்த வடு இல்லை. பிறகு குழாய்களைத் தடவிக்கொண்டே வந்தான் மைத்துனன். இன்டர்கூலரிலிருந்து எஞ்சினுக்குப் போகும் குழாயின் அடிப்பக்கம், வளையப் பட்டைக்கு அருகில், எண்ணெய்ப் பிசுக்கு. துடைத்துப் பார்த்தால் இரண்டு அங்குல நீளம் ரப்பர் பிளந்திருந்தது. எஞ்சின் நிற்கும்போது அது மூடிக்கொள்கிறது. அழுத்தம் ஏறியதும் வாய் பிளக்கிறது. புதுக் குழாயும் பட்டையும் 950 ரூபாய். அன்று மாலையே மானி 200-ஐத் தாண்டியது.

பட்டறைக்காரரை மோசக்காரர் என்று நாம் எண்ணவில்லை. ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு வண்டி பார்ப்பவருக்குக் குழாயைத் தடவ நேரமில்லை. உறுப்பை மாற்றிவிட்டால் கேள்வி முடிந்தது. ஆனால் அவர் செய்த ஒரு காரியத்தை நம்மால் ஏற்க முடியவில்லை. குறியைப் பார்த்த கையோடு அழித்துவிட்டார். குறி விழுந்த கணத்தில் வேகம் என்ன, எஞ்சின் சூடு என்ன, பாரம் எவ்வளவு என்பதையும் கணிப்பொறி படம் பிடித்தாற்போல் பதிந்து வைத்திருக்கும். குறியை அழித்தால் அதுவும் அழியும். அலுவலகத்தில் ஒரு கோப்பை இப்படிக் கிழித்துப் போட்டால் வேலை நிலைக்குமா? அதன்பின் எக்குறியும் நோட்டில் ஏறாமல் அழியக்கூடாது என்பது நம் வீட்டுச் சட்டம். நோட்டு வண்டியிலேயே இருக்கிறது. தேதி, கிலோமீட்டர், குறி, அன்றைய பாரம் எல்லாம் மைத்துனன் கையெழுத்தில்.

எப்போதும் மலிவாகவே முடியும் என்று யாரும் எண்ண வேண்டாம். 2023 ஆகஸ்டு மழையில் பி 0087 விழுந்தது. எரிபொருள் அழுத்தம் போதவில்லை என்பது அதன் பொருள். இம்முறை வேறொரு பட்டறையில் உயர் அழுத்தப் பம்பையே மாற்றச் சொன்னார்கள். முதலில் வடிகட்டியின் அடியில் தேங்கிய தண்ணீரை வடித்து, வடிகட்டியை மாற்றினோம். குறி திரும்ப விழுந்தது. பின்பு, நம் தெருவில் வசிக்கும் வயது முதிர்ந்த மெக்கானிக் ஒருவர் நாலு இன்ஜெக்டர்களிலிருந்தும் மிச்ச டீசல் திரும்பும் சிறு குழாய்களைக் கழற்றி, நாலு ஒரே அளவுக் குப்பிகளில் விட்டு, எஞ்சினைச் சில நிமிஷம் ஓட்டினார். மூன்றில் விரற்கடை அளவு. மூன்றாம் இன்ஜெக்டருடைய குப்பி மட்டும் பாதிக்கு மேல். பம்பு அனுப்பிய அழுத்தமெல்லாம் அவ்வழியே ஒழுகிப்போயிருக்கிறது. அந்த இன்ஜெக்டருக்கு 14,000 ரூபாய் கொடுத்தோம். பம்பு இன்றுவரை பழையதே.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். மேற்சொன்ன மெல்லிய திரும்பு குழாய் வேறு, பம்பிலிருந்து இன்ஜெக்டருக்குச் செல்லும் எஃகுக் குழாய் வேறு. பின்னதில் ஆயிரம் 'பார்' அழுத்தத்துக்கு மேலும் டீசல் நிற்கும். எஞ்சின் ஓடும்போது அதன் மரையைத் தளர்த்துவதோ, கசிவைக் கையால் தடவிப் பார்ப்பதோ கூடவே கூடாது. ஊசிபோல் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே ஏறிவிடும். வெளியில் கடுகளவு புள்ளிதான் தெரியும். வலியும் முதலில் அதிகமிராது. ஆனால் சில மணி நேரத்தில் விரலே போய்விடக்கூடிய காயம் அது. அப்படி நேர்ந்தால் அந்தக் கணமே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

சங்கிலி சென்ற தை மாதம் மீண்டு வந்தது. கடனில் இன்னும் ஒன்பது தவணை பாக்கி. போன வாரம் விளக்கு மறுபடி எரிந்திருக்கிறது: பி 0401, அதாவது புகையில் ஒரு பங்கை எஞ்சினுக்கே திருப்பிவிடும் வால்வின் வழியே போதிய அளவு வரவில்லை என்ற புகார். கரி அடைத்திருக்கலாம், வால்வை அசைக்கும் மின்கம்பி அறுந்திருக்கலாம், காற்றுமானியில் தூசி படிந்திருக்கலாம். நோட்டில் மூன்றையும் வரிசையாக எழுதி வைத்திருக்கிறான் மைத்துனன். சனிக்கிழமை காட்டோலில் ஒரு நடை இருக்கிறது; ஞாயிறு காலையில் கம்பியிலிருந்து ஆரம்பிக்கப்போகிறோம்.