ஒன்றரை ஷிப்ட்

ஆடி 2

பயிற்சிக்குப் பெயர் கொடுத்தாயிற்று. சென்னை அயப்பாக்கத்தில் இருக்கிற தேசிய தொற்றுநோயியல் நிறுவனம் நடத்தும் 'ஹெல்த் ரிசர்ச் ஃபண்டமெண்டல்ஸ்'. எட்டு வாரம், என்.பி.டெல் இணையதளம் வழியாக. படிக்கக் காசு இல்லை, தேர்வு எழுதினால்தான் கட்டணம். கோபிசெட்டிபாளையத்தில் உட்கார்ந்துகொண்டே போனில் பாடம் கேட்கலாம்.

நிறுவனத்தின் கதையைப் படித்தேன். ஆவடியில் இருந்த தொழுநோய்க் களப்பிரிவையும் சென்னையில் இருந்த மருத்துவப் புள்ளியியல் ஆய்வு நிறுவனத்தையும் 1999இல் ஒன்றாக்கி இதை உண்டாக்கியிருக்கிறார்கள். ஊர் ஊராக நடந்தவர்களும் கணக்குப் போட்டவர்களும் ஒரே கூரைக்குக் கீழே. நான் நர்ஸாக இருக்கிற சப் சென்டரில் இந்த இரண்டு வேலையையும் ஒருத்தியே பார்க்கிறேன்.

அம்மாயிக்கு விஷயம் பிடிபடவில்லை. "ஊசி போடற புள்ளைக்கு ஆராய்ச்சி எதுக்குங் கண்ணு?" என்றாள். சம்பளம் கூடுமா என்று அடுத்த கேள்வி. கூடாது.

ஆடி 6

முதல் வாரம் முழுக்கக் கேள்வியைப் பற்றியே பேசுகிறார்கள். விடைக்கு வரவே இல்லை. ஆய்வுக் கேள்வி என்றால் செய்து முடிக்கக்கூடியதாக, ஆர்வம் தருவதாக, புதியதாக, நெறிமுறைக்கு உட்பட்டதாக, யாருக்காவது பயன்படுவதாக இருக்க வேண்டுமாம். "நம்ம பக்கம் ஏன் இத்தனை பேருக்கு பி.பி.?" என்று நோட்டில் எழுதியிருந்தேன். அதற்கு ஒரு ஆயுள் போதாது. அடித்துவிட்டு, "என் பகுதியில் பி.பி. மாத்திரை சாப்பிடுகிறவர்களில் எத்தனை பேருக்கு அது கட்டுக்குள் இருக்கிறது?" என்று சுருக்கினேன். இதற்கு ஒரு எண்ணை விடையாகச் சொல்லிவிடலாம்.

ஆடி 10

தமிழ்நாடு ஸ்டெப்ஸ் ஆய்வை எடுத்துப் பார்த்தேன். 2020இல் மாநிலம் முழுக்க 18 முதல் 69 வயது வரை உள்ளவர்களை வீடு வீடாகப் போய் அளந்தது. உயர் ரத்த அழுத்தம் 33.9 சதவீதம், சர்க்கரை 17.6 சதவீதம். அது பரவாயில்லை, எதிர்பார்த்ததுதான். அடுத்த வரியில்தான் நின்றுவிட்டேன். பி.பி. இருப்பவர்களில் அதைக் கட்டுக்குள் வைத்திருந்தவர்கள் 7.3 சதவீதம், சர்க்கரையில் 10.8.

என் பதிவேட்டைப் புரட்டினால் பாதிக்கு மேல் கட்டுக்குள் இருப்பதாகத் தெரிகிறது. 2021 ஆகஸ்டில் அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் வந்த பிறகு மாத்திரை வீட்டுக்கே போகிறது என்பது ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் வித்தியாசம் அதைவிடப் பெரிது. பதிவேட்டில் யார் இருக்கிறார்கள்? மாத்திரை வாங்க வந்தவர்களும், அந்தத் திட்டத்தின் தன்னார்வலர் போனபோது வீட்டில் இருந்தவர்களும். பகலில் வீட்டில் இருப்பது யார்? வயதானவர்கள், கைக்குழந்தைக்காரிகள், கட்டிலில் கிடப்பவர்கள். மற்றவர்களில் பலருக்கு பி.பி. இருப்பதே தெரியாமல் இருக்கலாம். தெரியாதவர்கள் நான் வகுக்கும் எண்ணில் சேரவே இல்லை, அதனால் என் சதவீதம் அழகாக இருக்கிறது.

தன்னார்வலர் அக்காவின் நோட்டில் பல வீடுகளுக்கு நேராக 'பூட்டு' என்று எழுதியிருக்கிறது. பக்கம் பக்கமாக அதே வார்த்தை.

ஆடி 18

ஆடிப்பெருக்கு லீவு. கொடிவேரி அணையில் கால் வைக்க இடமில்லை. மீன் வறுவல், கூட்டம், திரும்பி வர இரண்டு பஸ். பாடம் கேட்கவில்லை.

ஆடி 22

மருத்துவ ஆய்வு என்றால் லண்டன், அமெரிக்கா என்றே நினைத்திருந்தேன். உலகத்தில் காசநோய் வைத்தியத்தை மாற்றிய ஒரு ஆய்வு சென்னையில் நடந்திருக்கிறது. 1956இல் தொடங்கியது, 1959இல் முடிவு வெளியானது. நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதி சானடோரியத்தில் படுக்கை, ஓய்வு, நல்ல சாப்பாடு. மறு பாதி நெரிசலான தம் வீட்டிலேயே. இரண்டு தரப்புக்கும் அதே மாத்திரை. ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால் சானடோரியத்தில் 92 சதவீதம் பேருக்கும் வீட்டில் 86 சதவீதம் பேருக்கும் நோய் அடங்கியிருந்தது. வீட்டில் கூட இருந்தவர்களுக்குக் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. முட்டையும் பாலும் சுத்தமான காற்றும்தான் குணப்படுத்தும் என்ற நம்பிக்கை அத்தோடு ஆட்டம் கண்டது.

எனக்குப் பிடித்தது அவர்கள் வேலை பார்த்த விதம். நோயாளி மாத்திரை சாப்பிட்டேன் என்றால் நம்பிவிடவில்லை. சொல்லாமல் வீட்டுக்குப் போய் மீதி மாத்திரையை எண்ணினார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள். வராதவரைத் தேடிப் போனார்கள்.

அம்மாயியிடம் சொன்னேன். அவள் பெருந்துறையைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். அங்கே பெரிய காசநோய் சானடோரியம் இருந்தது. இன்றைக்கு அந்த வளாகத்தில் அரசு ஈரோடு மருத்துவக் கல்லூரி இருந்தாலும், வயசாளிகள் பஸ்ஸில் "சானடோரியம் ஒண்ணு" என்றுதான் டிக்கெட் கேட்கிறார்கள். அப்புச்சியின் தம்பி அங்கே மாதக்கணக்கில் கிடந்தாராம். திரும்பி வந்த பிறகு அவர் பந்தலில் தனியாகத்தான் படுத்தார், அவர் தட்டு தனி, அவருக்குப் பொண்ணு கொடுக்க ஆளில்லை. "ஊட்டுலயே வெச்சு மாத்திரை குடுத்திருந்தா ஆருக்கும் தெரிஞ்சிருக்காதுல்லீங்" என்று கேட்டாள். ஆய்வின் முடிவுரையில் இந்த ஒரு லாபத்தை எழுதினார்களா என்று தேட வேண்டும்.

ஆடி 27

ராத்திரி எட்டரை மணிக்கு ஊர் முக்கில் போய் நின்றேன். திருப்பூர் பனியன் கம்பெனி வேன்கள் ஒவ்வொன்றாக வந்தன. டிபன் பாக்ஸோடு இறங்கியவர்களில் பெண்களே அதிகம், ஐம்பது வயதுக்காரர்களும் இருந்தார்கள். நோட்டில் 'பூட்டு' என்று இருந்த வீட்டுக்காரர்கள் இவர்கள்தான்.

"எங்களை எங்கீங் பார்க்கறது? ஒன்றரை ஷிப்ட் பார்த்துட்டு வர்றதுக்கே இந்நேரம் ஆயிருதுங்க சிஸ்டர். ஞாயித்துக்கெழமைன்னா துணி தொவைக்கோணும், ரேசன் வாங்கோணும்" என்றார் ஒருவர். ஆஸ்பத்திரிக்கு ஒரு காலை போனால் ஒரு ஷிப்ட் கூலி போயிற்று. இலவச மாத்திரைக்கு அவர்கள் கொடுக்கிற விலை அது.

2024 ஜனவரியில் அரசே 'தொழிலாளரைத் தேடி மருத்துவம்' என்று வேலையிடத்துக்குப் போக ஆரம்பித்ததன் காரணம் நின்ற இடத்திலேயே விளங்கியது. இங்கே இன்னொரு சிக்கல். இவர்கள் வசிப்பது ஈரோடு மாவட்டம், வேலை திருப்பூர் மாவட்டம். அங்கே பார்த்தாலும் என் பதிவேட்டுக்கு அது வந்து சேராது.

என் கேள்வியை மறுபடி மாற்றினேன். "பகலில் பூட்டியிருக்கும் வீடுகளில் உள்ளவர்களில் எத்தனை பேருக்குத் தங்களுக்கு பி.பி. இருப்பதே தெரியாது?"

ஆவணி 2

இந்த வாரம் நெறிமுறை. ஒப்புதல் படிவம் தமிழில் இருக்க வேண்டும், படித்துக் காட்ட வேண்டும், வேண்டாம் என்று சொல்லவும் உரிமை உண்டு, சொன்னால் வழக்கமான வைத்தியம் நிற்காது. சரி என்று தலையாட்டிக்கொண்டே கேட்டேன்.

என் ஆய்வுத் திட்டத்தின் (ப்ரோட்டோகால்) வரைவை எங்கள் பி.எச்.சி. டாக்டரிடம் காட்டினேன். மாதிரி அளவு, வீடுகளைத் தேர்ந்தெடுக்கும் முறை எல்லாவற்றையும் தாண்டி ஒரே இடத்தில் பேனாவை வைத்தார். "சிஸ்டர், ராத்திரி ஒன்பது மணிக்கு ஒரு அம்மாவுக்கு 180க்கு 110 காட்டுது. எழுதிக்கிட்டு வந்துருவீங்களா?"

காலையில் ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்வேன் என்றால் அது ஷிப்டை விட்டுவிட்டு வரச் சொல்வது. வரமாட்டார்கள், அதனால்தானே இந்த ஆய்வே. பி.பி. இருப்பதாகத் தெரியவருகிறவர்களுக்கு அவர்கள் நேரத்தில் வைத்தியம் கிடைக்க ஏற்பாடு செய்யாமல் அளக்கக் கூடாது என்றார் டாக்டர். வாரத்தில் ஒரு நாள் ராத்திரி எட்டரைக்கு மேல் சப் சென்டரைத் திறந்து வைக்க அனுமதி கேட்டுக் கடிதம் எழுதச் சொன்னார், அவரும் வருகிறாராம். கடிதத்தை முதலில் எழுத வேண்டும், ப்ரோட்டோகால் அப்புறம். மாத்திரையை ஒரே தடவையில் கூடுதல் நாளுக்குக் கொடுக்க வழியுண்டா என்று நாளைக்கு பார்மசிஸ்டிடம் கேட்க வேண்டும்.